வலது புருவத்துத் தழும்பு

மாஸ்டர் தன் வாழ்நாளில் மற்ற எந்தச் சொல்லையும்விட அதிகமாகச் சொன்னது ‘கண்ணாடி’ என்ற சொல்லைத்தான். கார் ஓட்டப் பழக்கும் பள்ளி ஒன்றில் அவர் பயிற்சியாளர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தனக்கென்று தனியாக இருக்கும் பிரேக்கின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டு, “கண்ணாடி பாரு, அப்புறம் திருப்பு” என்று சொல்லிச் சொல்லியே பாதி ஆயுள் ஓடிவிட்டது. அவரிடம் பழகிப் போனவர்கள் தெருவில் எதிர்ப்பட்டால் வணக்கம் சொல்ல மாட்டார்கள்; கண்ணை மட்டும் மேலே உயர்த்தி, இல்லாத ஒரு கண்ணாடியைப் பார்ப்பதுபோல் பாவனை செய்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

இடது வலது தெரியாமல் தடுமாறுகிறவர்களிடம் மட்டும் அவருக்குப் பொறுமை கிடையாது. “இடதுன்னா, எழுதுற கை எதுன்னு யோசிச்சு, அதுக்கு எதிர்ப் பக்கம் திருப்பும்மா. இதுக்கு எதுக்கு ஒரு மாநாடு?” என்பார். அந்தக் கேலி பின்னால் தன் தலையிலேயே வந்து விழும் என்று அவருக்குத் தோன்றியிருக்க நியாயமில்லை. அடுத்தவரைத் திருத்தியே பழகியவர்களுக்குத் தங்கள் பிழை கடைசியில்தான் கண்ணில் படும். சிலருக்குப் படுவதே இல்லை.

வேலையை விட்ட கதையை அவரே எல்லோருக்கும் சொல்லியிருந்தார். “போதும்ப்பா. கத்துக்க வர்றவங்களுக்கு வயசு குறைஞ்சுக்கிட்டே போகுது, எனக்கு ஏறிக்கிட்டே போகுது. உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு எத்தனை நாள் உக்கார்றது?” கேட்டவர்கள் நம்பினார்கள். மனைவியும் நம்பினாள்.

நடந்தது வேறு. உரிமத்தைப் புதுப்பிக்கப் போன இடத்தில் கண் பரிசோதனை வைத்தார்கள். வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் படிக்கச் சொன்னபோது, எதிரே இருந்த எழுத்துப் பலகையின் நடுவில் யாரோ ஈரத்துணியால் துடைத்துவிட்டதுபோல் ஒரு கலங்கல் இருந்தது. ஓரங்கள் தெரிந்தன. நடு தெரியவில்லை. மருத்துவர், அவர் மகளைவிடச் சின்னப் பெண், தன்மையாகத்தான் சொன்னாள்: மற்றவர்களுக்குப் பழக்கும் உரிமம் இனித் தர முடியாது, தாமதிக்காமல் பெரிய கண் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். “சரிம்மா” என்று எழுந்து வந்தவர், பயிற்சிக் காரில் தன் பக்கம் ஒட்டியிருந்த கூடுதல் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. போனால் வீட்டில் தெரிந்துவிடும்.

கண் மங்குவது குற்றமில்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனால் ‘பாரு, பாரு’ என்று காலமெல்லாம் அதட்டியவனுக்கே பார்வை போய்விட்டது என்று நாலு பேர் சொல்லிச் சிரிப்பதை நினைத்தால் உடம்பு கூசியது. யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். வெட்கம் இப்படித்தான், எதிரில் ஆளே இல்லாதபோதும் ஒரு கூட்டத்தைத் தானே கூட்டி உட்கார வைத்துக்கொள்ளும்.

வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆணைப் பார்த்தால் யாருக்கும் காரணம் கேட்கத் தோன்றும். கேள்வி வருவதற்கு முன்னால் ஒரு தொழில் வேண்டியிருந்தது. அந்த நேரத்தில்தான், கைபேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்யும் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, ஒரு வீடியோவைக் காட்டினான். வீட்டில் இருக்கும் சாதாரண பிரிண்டரையே துணிக்குப் படம் அடிக்கும் இயந்திரமாக மாற்றிவிடலாம் என்றான்.

வீட்டில் இருந்த பிரிண்டர் மனைவியுடையது. மாலையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள் அவள். பயிற்சித்தாள்கள் எல்லாம் அதில்தான் அடிப்பாள். “ரெண்டுக்கும் ஆகும், ஒண்ணும் ஆகாது” என்று மாஸ்டர் வாக்குக் கொடுத்தார். வேலைக்காக வேறு நகரத்துக்குப் போய்விட்ட மகளின் அறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தானும் மச்சானும் அதைப் பிரித்துப் போட்டார்கள். காகிதத்தை அழுத்திப் பிடிக்கும் பல் சக்கரங்களைக் கழற்றினார்கள்; ஈர மையின் மேல் அவை உருண்டால் கோடு கோடாகத் தடம் விழும். பழைய மையை ஊசிக்குழாயால் உறிஞ்சி எடுத்து, குழாய்களைக் கழுவினார்கள். ஆறு மைத்தொட்டிகளில் நான்கில் துணிக்கான வண்ண மை. வெளிர் நிறங்கள் இருந்த மற்ற இரண்டிலும் வெள்ளை. கறுப்புத் துணியில் படம் எடுபட வேண்டுமென்றால் வெள்ளை அடியில் இருந்தாக வேண்டும். அந்த வெள்ளை சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி. சும்மா விட்டால் அடியில் தங்கி, மை சொட்டும் கண்ணை அடைத்துக்கொள்ளும். தினமும் காலையில் தொட்டியைக் குலுக்க வேண்டும்.

“வெள்ளை ஏறிடுச்சுன்னா திரும்பக் காகிதத்துக்கு வராது அத்தான். உங்க தலை மாதிரிதான்” என்றான் மச்சான்.

இதை அவன் முன்பே சொல்லியிருக்கலாம். மறுநாள் மாலை பின்னங்கள் பாடத்துக்குத் தாள் இல்லாமல் மனைவி கரும்பலகையில் எழுதிப் போட்டாள். “ரெண்டுக்கும் ஆகும்னீங்க. ஒண்ணுக்கு ஆச்சு. ரெண்டுல ஒண்ணு, அரை. பசங்களுக்கு உதாரணம் கிடைச்சது” என்றதோடு விட்டாள். அவளுடைய கோபம் எப்போதும் கணக்காகத்தான் வெளிவரும்.

ஆனால் வேலை பிடிபட்டது. படத்தைக் கணினியில் இடவலமாகத் திருப்பி, வழுக்கும் பிளாஸ்டிக் படச்சுருளில் அடிக்க வேண்டும். துணியில் கவிழ்த்து அழுத்தும்போதுதான் அது நேராகும். ஈரம் காயுமுன் மாவுபோன்ற பசைத்தூளைத் தூவி, முறத்தில் புடைப்பதுபோல் உதறி, சூட்டுத் தட்டின் கீழ் காட்டினால் தூள் உருகிப் பளபளக்கும். பிறகு சட்டையின் மேல் வைத்துச் சூட்டில் அழுத்தி, நன்றாக ஆறவிட்டு உரித்தால் படம் துணியோடு தங்கிவிடும். தேநீர்க் கடைப் பையன்களுக்குக் கடையின் பெயர், நடைப்பயிற்சிக் குழுவுக்கு ‘மெதுவா வா’ என்ற வாசகம், இப்படிச் சின்னச் சின்ன வேலைகள் வந்தன. எல்லாம் எழுத்து வேலை. திருப்ப மறந்தால் எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். அவர் மறந்ததில்லை.

ஒருநாள் படச்சுருள் கோணலாக ஓடுகிறது என்று மச்சானைக் கூப்பிட்டார். அவன் வந்து மென்பொருளை அழித்துப் புதிதாகப் போட்டான். போகும்போது திரையில் ஒரு மூலையைத் தொட்டுக் காட்டி, ஏதோ ஒரு கட்டத்தில் குறி போட்டிருப்பதாகவும் இனி அவர் சிரமப்பட வேண்டாம் என்றும் சொன்னான். அவன் தொட்ட இடத்தில் மாஸ்டருக்குத் தெரிந்தது ஒரு சாம்பல் கலங்கல். ‘எது, எங்கே’ என்று கேட்டிருந்தால், ‘இது தெரியலையா அத்தான்?’ என்று அவன் கேட்டிருப்பான். அதனால் அவர் தலையாட்டினார். இந்தக் கதையின் எல்லாப் பிழையும் அந்தத் தலையாட்டலுக்குள் இருக்கிறது.

அதற்கு அடுத்து வந்ததுதான் டிப்போ வேலை.

எதிர்வீட்டில் ஒரு பஸ் டிரைவர் இருந்தார். டிப்போவில் அவருக்குப் பட்டப்பெயர் நிதானம். எந்த அவசரத்திலும் ஆக்சிலேட்டரை மிதிக்காத ஆள். அவர் வண்டியில் ஏறினால் இறங்குவதற்குள் ஒரு தூக்கம் போட்டுவிடலாம் என்பார்கள். போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். அதிலும் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் சரிந்தார். அவர் நினைவாக டிப்போ ஆட்கள் ஒரு வாலிபால் ஆட்டம் வைத்தார்கள். இரண்டு அணிக்கும் கறுப்புச் சட்டை, நெஞ்சில் அவர் முகம். ஏற்பாடு செய்த டைம்கீப்பர் மாஸ்டரிடம் வந்து, “பேரும் வேணாம், நம்பரும் வேணாம் மாஸ்டர். மூஞ்சி போதும். அவனைத் தெரியாதவன் எவன் இருக்கான்?” என்று சொல்லி, டிப்போவில் எடுத்த ஒரு கூட்டப் படத்தைக் கொடுத்தார். அதிலிருந்து முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்க வேண்டும்.

எழுத்து இல்லாத முதல் வேலை. மாஸ்டர் வழக்கம்போல முகத்தை இடவலமாகத் திருப்பினார். மச்சான் போட்டு வைத்திருந்த குறி அதை இன்னொரு முறை திருப்பியது. இரண்டு முறை திரும்பியது பழைய நேருக்கே வந்து, துணியில் தலைகீழாக, இல்லை, இடவலமாகப் போய் உட்கார்ந்தது.

முதல் சட்டையில் சூடு குறைந்து ஓரம் தூக்கிக்கொண்டது. அதை ஒதுக்கி ஆணியில் மாட்டினார். மாட்டும்போதே ஏதோ உறுத்தியது. முகம் நிதானத்தின் முகம்தான். ஆனால் நிதானம் இல்லை. முன்பு என்றால் சமையலறைப் பக்கம் குரல் கொடுத்திருப்பார். இப்போது, உறுத்துவது படமா தன் கண்ணா என்று அவருக்கே உறுதியில்லை. கண்ணாக இருந்தால்? பேசாமல் மற்ற சட்டைகளையும் அடித்து முடித்தார்.

டைம்கீப்பர் சட்டைக் கட்டை வாங்கிக்கொண்டு, “ஆளே எழுந்து வந்த மாதிரி இருக்கு” என்று பாராட்டிவிட்டுப் போனார். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு, அதாவது நிதானத்தின் மனைவிக்கு, உரிய சட்டையை மாஸ்டரே கொண்டுபோய்க் கொடுத்தார். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள் அவள், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சட்டையை விரித்துப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அழவில்லை. “நல்லா இருக்குண்ணா” என்று மடித்து வைத்தாள். துணிக்கடையில் பிடிக்காத புடவையைத் திருப்பி மடிப்பதுபோல் மடித்தாள்.

மறுநாள் காலை அவர் மகள் அறையில் முகம் மழித்துக்கொண்டிருந்தார். காரிலிருந்து கழற்றி வந்த அந்தச் சின்னக் கண்ணாடியை ஜன்னல் கம்பியில் பொருத்தித்தான் தினமும் மழிப்பது. பாதிக் கன்னத்தில் நுரை இருக்கும்போது கண்ணாடிக்குள் நிதானம் தெரிந்தார். நல்ல கண்ணால் பார்த்தார். அச்சு அசலாக, ஒரு பிசிறும் இல்லாமல், அதே நிதானம். இடது புருவத்தைக் குறுக்காக வெட்டிய தழும்போடு. மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். ஆணியில் தொங்கிய கெட்டுப்போன சட்டையில் தழும்பு வலது புருவத்தில் இருந்தது. மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். மறுபடி சட்டையை. நுரை காய்ந்து கன்னம் இழுத்தது.

மச்சானைப் போனில் கூப்பிட்டு எடுத்த எடுப்பில் காய்ச்சினார். அவன் முழுக்கக் கேட்டுவிட்டு, “நான் தொட்டுக் காட்டினேனே அத்தான். நீங்க தலையாட்டினீங்களே” என்றான். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் இருந்தது. கத்தவும் முடியாது, காட்டவும் முடியாது. “சரி, யார்கிட்டயும் சொல்லாதே” என்று வைத்துவிட்டார்.

பிறகு தனக்குத் தானே வாதாடினார். டிப்போவில் ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. முகம் அதே முகம், பக்கம்தான் மாறியிருக்கிறது. நிதானமே கண்ணாடியில் தன்னைப் பார்த்தபோதெல்லாம் இந்த முகத்தைத்தானே பார்த்திருப்பார்? அந்தக் கணக்கில் இதுதான் அவருக்குத் தெரிந்த முகம். வாதம் கெட்டிக்காரத்தனமாகத்தான் இருந்தது. குற்றமுள்ளவனுக்குத் தத்துவம் சீக்கிரம் வரும்.

அன்று மாலை குப்பை போட வெளியே வந்தபோது எதிர்வீட்டுப் பெண் தெருவைக் கடந்து வந்தாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“அண்ணா, ஒண்ணு கேப்பேன், சிரிக்கக் கூடாது. அவருக்குப் புருவத்துல தழும்பு இருந்துச்சே, அது எந்தப் பக்கம்?”

மாஸ்டரின் கையில் குப்பைப் பை இருந்தது. அவர் அதை மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.

“எனக்கு இடது பக்கம்னுதான் ஞாபகம். பஸ் ஜன்னல் ஷட்டர் விழுந்து கிழிச்ச காயம். நான்தான் தினமும் மருந்து போட்டேன். ஆனா சட்டையில வலது பக்கம் இருக்கு. வீட்டுல மாட்டியிருக்கிற படத்துல ஸ்டூடியோக்காரன் தழும்பையே அழிச்சுட்டான். டிப்போ அடையாள அட்டையையும் திருப்பிக் குடுத்தாச்சு. போன்ல இருந்த படமெல்லாம் போன் கெட்டப்பவே போச்சு. வேற யார்கிட்ட கேக்கறது? என் புருஷனுக்குத் தழும்பு எந்தப் பக்கம்னு ஊர்ல போய் விசாரிக்கவா முடியும்?” குரலை இன்னும் தாழ்த்தினாள். “ஒரு வருஷம்தான் ஆச்சு. அதுக்குள்ள மூஞ்சியை மறந்துட்டேனாண்ணா?”

சொல்வதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. அது மாஸ்டரின் தொண்டை வரை வந்தது. அதற்குப் பின்னாலேயே, எப்படி நடந்தது என்ற கேள்வியும், ஏன் கவனிக்கவில்லை என்ற கேள்வியும், கண்ணுக்கு என்ன என்ற கேள்வியும் வரிசையில் நிற்பது தெரிந்தது.

“போட்டோ பொய் சொல்லாதும்மா” என்றார். அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. “காலம் அப்படித்தான். எல்லாருக்கும் மறக்கும். மனசைப் போட்டு அலட்டிக்காதே.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டு திரும்பிப் போனாள். தன் வலது புருவத்தை ஒரு விரலால் தொட்டாள், பிறகு இடதை. எந்தக் கையால் மருந்து போட்டோம், எந்தப் பக்கம் நின்று போட்டோம் என்று தன் கையையே கேட்பதுபோல் இருந்தது. மாஸ்டர் குப்பைப் பையோடு வீட்டுக்குள் வந்துவிட்டார். மனைவி கேட்ட பிறகுதான் அது கையில் இருப்பது தெரிந்தது.

மனிதன் பொய் சொல்வது புதிதில்லை. ஆனால் தன் பொய்யால் அடிபட்டவளை உட்கார வைத்து ஆறுதலும் சொல்வது என்பது வேறு ஜாதிப் பொய். அதன் பிறகு மாஸ்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெள்ளை மைத்தொட்டியைக் குலுக்க மறந்தார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்தால் தன் வீட்டு ஜன்னலைச் சாத்தினார்.

ஆட்டத்துக்கு முதல் நாள் மதியம் மனைவி தட்டைக் கழுவிக்கொண்டே, எதிர்வீட்டுக்காரி நாளைக்கு வரப்போவதில்லையாம் என்றாள். உடம்பு சரியில்லை என்று டைம்கீப்பரிடம் சொல்லியிருக்கிறாள். உண்மையில் அது இல்லை. ‘கட்டின புருஷன் மூஞ்சியே நினைவில்லாதவ, எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு முன்வரிசையில போய் உக்கார்றது’ என்று இவளிடம் சொல்லி அழுதாளாம். “எவ்வளவு ஒட்டுதலா இருந்தவ. அவளுக்கே இப்படின்னா என்னத்தைச் சொல்றது” என்று மனைவி பெருமூச்சு விட்டாள்.

மாஸ்டர் சமையலறை நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். “அவ மறக்கல” என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். படத்தில் ஆரம்பித்து, குறிக்குப் போய், தலையாட்டலுக்குப் போய், கடைசியில் அந்த எழுத்துப் பலகைக்கு வந்து சேர்ந்தார். வண்டியைப் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போவதுபோல் இருந்தது. மனைவி தட்டைக் கீழே வைத்தாள். குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவர் வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள்.

“என் மூஞ்சி தெரியுதா?”

“ஓரம் தெரியுது.”

“நடுவுல?”

 அவள் கையை எடுத்தாள்.

“இந்தக் கண்ணோட அடுப்பு மாதிரி கொதிக்கிற தட்டுல கை வெச்சு வேலை செஞ்சிருக்கீங்க. என் பிரிண்டரைக் கெடுத்ததுக்குக்கூட நான் இவ்வளவு கோபப்படலை.” அவள் குரல் உடைந்தது. இந்த முறை கணக்கு எதுவும் வரவில்லை. “திங்கட்கிழமை ஆஸ்பத்திரி. அது அப்புறம். இப்ப எழுந்து போய் அவகிட்ட சொல்லிட்டு வாங்க. நான் கூட வர மாட்டேன்.”

மாஸ்டர் ஜன்னல் கம்பியிலிருந்து கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போனார். தெரு பத்தடி அகலம்கூட இருக்காது. அதைக் கடக்க அவருக்கு ஒரு சைக்கிள்காரன், ஒரு தண்ணீர் வண்டி, ஒரு பூனை என்று எல்லோருக்கும் வழிவிட வேண்டியிருந்தது.

அவள் கதவைத் திறந்ததும், “அந்தச் சட்டையைக் கொண்டு வாம்மா” என்றார். கொண்டுவந்தாள். விரித்துப் பிடிக்கச் சொல்லி, அவள் பக்கத்தில் நின்று கண்ணாடியைச் சட்டைக்கு எதிரே நீட்டினார். முதலில் கண்ணாடியில் கூரையும் மின்விசிறியும்தான் வந்துபோயின. பிறகு முகம் வந்து நின்றது.

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். மாஸ்டர் தரையைப் பார்த்தார்.  பிறகு அவள் மூச்சு விடுவது கேட்டது. தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவர்கள் விடுவதுபோல.

“இடது பக்கம்” என்றாள்.

“இடது பக்கம்தாம்மா. நீ சொன்னதுதான் சரி. நான் திருப்பி அடிச்சுட்டேன். எனக்குக் கண் சரியாத் தெரியல. அதை மறைக்கப் போய் இது. அன்னைக்கு நீ கேட்டப்பவே எனக்குத் தெரியும்.”

கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அதைச் சொல்லத்தான் அவர் தெருவைக் கடந்து வந்திருந்தார்.

“தெரிஞ்சுதான் மறக்கும்னு சொன்னீங்களா?”

“ஆமா.”

“போட்டோ பொய் சொல்லாதுன்னீங்க.”

“ஆமாம்மா.”

அவள் அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. அது அவர் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, அதில் ஒரு விடுதலையும் இருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்கிக்கொள்ள மாஸ்டருக்குத் தெரியவில்லை. புதிதாக ஒன்று அடித்துத் தருகிறேன் என்று முணுமுணுத்தார்.

“வேணாண்ணா. நீங்க ஒண்ணும் அடிக்க வேணாம்.” கண்ணாடியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். “இது இங்கயே இருக்கட்டும்.” கதவு அறைந்து சாத்தப்படவில்லை. ஆனால் சாத்தப்பட்டது.

மறுநாள் ஆட்டத்துக்கு முன் மாஸ்டர் டைம்கீப்பரைத் தனியாகக் கூப்பிட்டு, படம் இடவலம் மாறிப்போனதையும் அது தன் தப்பு என்பதையும் சொன்னார். இந்த முறை கொஞ்சம் சுலபமாக இருந்தது. டைம்கீப்பர் தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தார்; மேலிருந்து பார்த்ததில் ஒன்றும் விளங்கவில்லை. எதிரில் நின்றவனின் நெஞ்சைப் பார்த்தார். விளங்கியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அடப்பாவி, ரிவர்ஸ்ல வந்திருக்கானா? உயிரோட இருந்தப்ப ரிவர்ஸ் எடுக்கறதுக்கே அரை மணி நேரம் யோசிப்பானே!”

அது மைதானம் முழுக்கப் பரவியது. அன்று யார் பந்தைத் தவறான பக்கம் அடித்தாலும், “நிதானம் மாதிரி ரிவர்ஸ் போடாதடா” என்று கத்தினார்கள். மாஸ்டர் பின்வரிசையில், மனைவியின் பக்கத்தில், ஒவ்வொரு சிரிப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகிக்கொண்டிருந்தார். அவர் பயந்து வைத்திருந்த கூட்டம் இதோ நிஜமாகவே வந்து சிரித்தது. ஆனால் அது அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. செத்துப்போன ஒருவரைத் திரும்பக் கூப்பிட்டு வைத்துச் சிரித்தது.

எதிர்வீட்டுப் பெண் வந்திருந்தாள். முன்வரிசையில், அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மைதானத்துக்குப் பாதி முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தாள். கையில் சின்னக் கண்ணாடி. அதை முகத்துக்கு நேரே கொஞ்சம் சாய்த்துப் பிடித்திருந்தாள். பார்த்தவர்கள், கலைந்த தலைமுடியைச் சரிசெய்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். அவள் தோளுக்கு மேலாக, கண்ணாடிக்குள், இரண்டு அணி நிதானங்கள் இடது புருவத்துத் தழும்போடு எம்பி எம்பிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் முடியும் வரை அவள் மாஸ்டர் பக்கம் திரும்பவே இல்லை.

கண்ணாடி திரும்பி வரவில்லை. அவர் கேட்கவும் இல்லை. கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்று நினைத்தார். அது சரியான நினைப்புதான். எதிர்வீட்டுப் பெண் இப்போது அவரிடம் பேசுகிறாள். ஆனால் மனைவியிடம் சொல்லி அனுப்பக்கூடியதை மனைவியிடமே சொல்லி அனுப்புகிறாள்.

ஆஸ்பத்திரியில் கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். இருப்பதைக் காப்பாற்றலாம், போனது போனதுதான் என்றார்கள். பிரிண்டர் இன்னும் மகள் அறையில் ஓடுகிறது. மனைவி தனக்கென்று வேறொன்று வாங்கிக்கொண்டாள்; அதன் மேல் கை வைத்தால் நடப்பது வேறு என்று எச்சரித்திருக்கிறாள். ஒவ்வொரு வேலையிலும் முதல் துணியை உரித்ததும் மாஸ்டர் அறைவாசலுக்கு வந்து, “கொஞ்சம் வந்து பாரேன்” என்று குரல் கொடுக்கிறார். பாடத்தை நிறுத்திவிட்டு அவள் வருவதற்குள், உள்ளே இருக்கும் பிள்ளைகள் எல்லாம் தலையைத் திருப்பி அவரைப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கூசுகிறது. கூசிக்கொண்டேதான் கூப்பிடுகிறார்.